டவுன்ஹில் பந்தய போர்டு: டெக்கைக் கடைசியில் முடிவு செய்யுங்கள்

இறக்கத்தில் பந்தயம் ஓட ஒரு லாங்போர்டை, அதாவது நீளமான ஸ்கேட்போர்டை, சொந்தமாக வடிவமைக்கலாம் என்று உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது டெக்குக்கு மேப்பிள் மரமா, கார்பன் இழையா என்றுதான். என்னைக் கேட்டால் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. டெக் என்பது சக்கர அச்சுகளைப் பொறுத்து உங்கள் கால்கள் எங்கே நிற்கின்றன என்பதை நிலைநிறுத்தும் பலகை, அவ்வளவுதான். அந்த இடம் தப்பாக இருந்தால் எதில் செய்தாலும் போர்டு ஆடும். சரியாக இருந்தால் சாதாரண மரத்திலேயே நன்றாக ஓடலாம். அதனால் இந்த ஒப்பீட்டைக் கீழே டிரக்கில் தொடங்கி மேலே போகிறேன். டிரக் என்றால் சக்கர அச்சைத் தாங்கிக்கொண்டு, பலகை சாயும்போது அச்சைத் திருப்பிவிடும் அந்த உலோகப் பகுதி. போர்டின் குணத்தில் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது.

முதலில் எந்தச் சாலைக்காகச் செய்கிறீர்கள் என்று தெளிவாக இருக்க வேண்டும். 2017-ல் கனடாவின் கியூபெக்கில் பீட் கானலி மணிக்கு 146.73 கிலோமீட்டர் வேகம் தொட்டு உலக சாதனை படைத்தார். அதைப் படித்துவிட்டு அந்த மாதிரி போர்டு வேண்டும் என்று ஆசைப்படுவது இயல்புதான், ஆனால் சாதனை ஓட்டம் வேறு, பந்தயம் வேறு. சாதனை ஓட்டத்தில் ஓட்டுநர் தனியாகப் போகிறார், போர்டு நேராகப் போனால் போதும். பந்தயத்தில் பக்கத்திலேயே வேறு ஆட்கள் இருப்பார்கள், வளைவுக்கு முன்னால் சறுக்கி வேகத்தைக் குறைக்க வேண்டும், வளைவில் கோடு மாற்ற வேண்டும், வெளியே வந்ததும் மறுபடி உடலைக் குறுக்கி டக் நிலைக்குப் போக வேண்டும். பந்தயத் தடங்களுக்குள்ளும் நிறைய வேறுபாடு உண்டு. பிரேசிலின் டெயூடோனியா மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டவைக்கும் அகலமான வேகச்சாலை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள மேரிஹில் அப்படியே எதிர்மாறு: சாம் ஹில் என்பவர் 1909 முதல் 1913 வரை சோதனைக்காகப் போட்ட சாலை அது. சரிவு சுமார் 5 சதவீதம்தான், ஆனால் 8 கொண்டை ஊசி வளைவுகள். சரிவு குறைவாக இருக்கும் இடத்தில் ஒரு வளைவில் தேவையில்லாமல் சறுக்கி வேகத்தை இழந்தால் அதைத் திரும்பப் பெற ரொம்ப நேரமாகும், ஆகவே அங்கே பிடிமானம்தான் எல்லாம். வேகச்சாலையிலோ ஆடாமல் போவதுதான் முதல் கவலை. இரண்டுக்கும் ஒரே போர்டு போதுமா என்றால், போதும், ஆனால் டிரக்கின் கோணத்தையும் (டிரக் எந்த அச்சில் திரும்புகிறதோ அது தரையோடு வைக்கும் சாய்வு) வீல்பேஸையும் (முன் டிரக்குக்கும் பின் டிரக்குக்கும் இடையிலான தூரம்) மாற்ற முடிகிற போர்டாக இருக்க வேண்டும். இது பின்னால் மறுபடி வரும்.

இப்போது பெரிய முடிவுக்கு வருவோம். ஒரு பக்கம் பழைய பாணி: 75 சென்டிமீட்டர் அளவுக்கு நீளமான வீல்பேஸ், முன்னும் பின்னும் ஒரே கோண டிரக். இன்னொரு பக்கம் இப்போது பந்தயங்களில் பரவலாகப் பார்க்கும் பாணி: 60 சென்டிமீட்டர் அல்லது அதற்கும் குறைவான வீல்பேஸ், முன்னால் 50 டிகிரிக்குப் பக்கத்தில் நன்றாகத் திரும்பும் டிரக், பின்னால் 20 டிகிரிக்குப் பக்கத்தில் மிகக் குறைவாகத் திரும்பும் டிரக். முதல் பார்வையில் எல்லாருக்கும் தோன்றுவது, நீளமாக இருந்தால் நிதானமாக இருக்கும், குட்டையாக இருந்தால் படபடவென்று திரும்பும் என்பது. கோணம் ஒன்றாகவே இருந்தால் அது உண்மை. கோணத்தையும் மாற்றும்போது கணக்கு மாறிவிடுகிறது.

கணக்கு கடினமில்லை. டிரக்கின் கோணம் 45 டிகிரி என்றால் பலகை எவ்வளவு சாய்கிறதோ கிட்டத்தட்ட அவ்வளவு அச்சு திரும்பும். அதற்கு மேல் போனால் கூடுதலாகத் திரும்பும், குறைந்தால் குறைவாக. பலகையை 10 டிகிரி சாய்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 75 சென்டிமீட்டர் வீல்பேஸில் இரண்டு பக்கமும் 44 டிகிரி டிரக் போட்டால் போர்டு சுமார் 2.2 மீட்டர் ஆரத்தில் வட்டமடிக்கும். 60 சென்டிமீட்டர் வீல்பேஸில் முன்னால் 50, பின்னால் 20 போட்டாலும் அதே 2.2 மீட்டர்தான் வருகிறது. குட்டைப் போர்டு அதிகமாகத் திரும்பவில்லை. வேறு மாதிரி திரும்புகிறது. சம கோண போர்டு தன் நடுப்புள்ளியை வைத்துத் திரும்பும், முன்பக்கம் உள்ளே வரும்போது பின்பக்கம் வெளியே போகும். 50-க்கு 20 போட்ட போர்டில் அந்தத் திருப்புப் புள்ளி பின் அச்சிலிருந்து சுமார் 14 சென்டிமீட்டரிலேயே இருக்கிறது, அதாவது திருப்புவது பெரும்பாலும் முன் சக்கரம்தான், பின் சக்கரம் அதன் பின்னால் இழுபட்டு வருகிறது. கார் திரும்புவதைப் போல.

இது ஏன் முக்கியம்? டக் நிலையில் உங்கள் எடையில் பெரும்பகுதி முன்காலில் இருக்கும், பின்காலின் முன்பகுதி மட்டும் முன்காலுக்குப் பக்கத்தில் ஊன்றியிருக்கும். நீளமான போர்டில் அந்தப் பின்கால் போர்டின் நடுவில்தான் வந்து நிற்கும். பின் டிரக்குக்கு மேலே யாருமில்லை. ஆள் இல்லாத டிரக் ஒன்று முன்னதற்குச் சமமாகத் திரும்பத் தயாராக இருக்கிறது என்றால் அது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். உடலின் எடை மையம் முன் அச்சிலிருந்து 20 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால், 75 சென்டிமீட்டர் போர்டில் பின் சக்கரங்களுக்கு எடையில் 27 சதவீதம்தான் கிடைக்கும். 60 சென்டிமீட்டர் போர்டில் 33 சதவீதம். பார்க்கச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் வளைவில் பின்பக்கம் முந்திக்கொண்டு வழுக்குகிறதா இல்லையா என்பது இதில் நிறைய அடங்கியிருக்கிறது.

வேகத்தில் போர்டு இடதும் வலதுமாக ஆட ஆரம்பித்து, நொடிக்கு நொடி ஆட்டம் பெருகி ஆளைத் தூக்கி எறியும் அந்தப் பிரச்சினை எல்லாருக்கும் தெரிந்ததே. இதில் மனிதனின் எதிர்வினைத் தாமதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2016-ல் புடாபெஸ்ட், பிரிஸ்டல் ஆய்வாளர்கள் அந்தத் தாமதத்தையும் சேர்த்தே ஸ்கேட்போர்டின் ஆட்டத்தைக் கணித மாதிரியில் ஆராய்ந்தார்கள். எளிதாகச் சொன்னால், மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும்போது உங்கள் கால் எதிர்வினை செய்ய 0.2 நொடி எடுத்தாலும் அதற்குள் போர்டு 4 மீட்டருக்கு மேல் போய்விடும். நீங்கள் திருத்துவதற்குள் போர்டு மறுபக்கம் சாய்ந்திருக்கும், உங்கள் திருத்தம் ஆட்டத்துக்கு உதவிதான் செய்யும். பின் டிரக்கின் கோணத்தைக் குறைப்பது இங்கே நேரடியாகக் கைகொடுக்கிறது. பின்பக்கம் திரும்பவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் ஆட்டம் பிடிக்க இடம் குறைவு.

ஆக இந்த முதல் முடிவில் எனக்குக் குழப்பமில்லை: குட்டை வீல்பேஸ், வேறுபட்ட கோணம். ஒரே நிபந்தனை, நேராக 50-க்கு 20-ல் தொடங்க வேண்டாம். சம கோண போர்டிலேயே ஓடிப் பழகியவருக்கு அது முதலில் முன்பக்கம் மட்டும் திரும்புகிற விசித்திரமான வண்டியாகத் தோன்றும், சறுக்கும்போது பின்பக்கம் எதிர்பார்த்த நேரத்தில் விடுபடாது. 50-க்கு 35 என்று தொடங்கி மெல்லக் குறைக்கலாம். டிரக்கை டெக்கோடு இணைக்கும் அடித்தட்டான பேஸ்பிளேட்டைப் புதிதாக வாங்காமல் சோதிக்க வேண்டுமென்றால் டிரக்குக்கும் டெக்குக்கும் நடுவில் ஆப்பு வடிவத் தட்டு, அதாவது ரைசர், வைத்தால் போதும், தடித்த முனை எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்துக் கோணம் கூடும் அல்லது குறையும். இன்னொன்று: விற்பவர்கள் வீல்பேஸ் என்று சொல்வது உள்பக்க போல்ட் துளைகளுக்கு நடுவிலான தூரம். மேலே நான் போட்ட கணக்குக்கு வேண்டியது அச்சுக்கு அச்சு தூரம். இரண்டும் சில சென்டிமீட்டர் வேறுபடும், வரைபடம் போடும்போது இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அடுத்து டாப்மவுண்டா, டிராப்பா. டாப்மவுண்டில் டெக் டிரக்குக்கு மேலே உட்காரும். டிராப்-த்ரூவில் டெக்கில் வெட்டிய துளை வழியாக டிரக்கை ஏற்றுவதால் பலகை தாழ்ந்துவிடும். நிற்கும் தளத்தையே வளைத்து இறக்குவது இன்னொரு வகை, இரண்டையும் சேர்த்து டபுள் டிராப். தாழ்ந்த போர்டில் காலை ஊன்றித் தள்ளுவது சுலபம், சறுக்கத் தொடங்குவதும் சுலபம், மனதுக்கும் தைரியமாக இருக்கும். ஆனால் உயரம் குறையும்போது சக்கரத்தின் மேல் உங்களுக்குக் கிடைக்கும் நெம்புவிசையும் குறைகிறது, வளைவில் பிடிமானம் டாப்மவுண்ட் அளவுக்குக் கிடைப்பதில்லை. தவிர, டிராப்-த்ரூவில் டிரக்கைச் சுற்றி டெக்கை வெட்டியே ஆக வேண்டும், அதாவது கால் அகலமாக நிற்க வேண்டிய இடத்தில் பலகையைக் குறைக்கிறோம். முன்காலை முன் டிரக்கின் போல்ட்டுக்கு மேலேயே கொண்டுபோய் வைக்க நினைக்கும் இன்றைய ஓட்டுமுறைக்கு இது ஒத்துவராது. பந்தயத்துக்கு டாப்மவுண்ட்தான், இதில் நான் அதிகம் வாதாடப் போவதில்லை. நீண்ட தூரம் தள்ளிக்கொண்டு போக ஒரு போர்டு வேண்டும் என்பவர் டிராப்-த்ரூ செய்துகொள்ளட்டும், அது வேறு வேலை.

டாப்மவுண்டில் ஒரு தொல்லை, சாய்க்கும்போது சக்கரம் டெக்கின் அடியில் உரசுவது. 70 மில்லிமீட்டர் சக்கரம் போட்டால் இதை யோசித்தே தீர வேண்டும். தடித்த ரைசர் வைத்து உயர்த்தலாம், டெக்கின் அடியில் சக்கரத்துக்கு நேரே குழி கடையலாம், அல்லது டெக்கை மோல்டில் அழுத்தி வடிவமைக்கும்போதே அந்த இடத்தை மேல்நோக்கிப் புடைக்க விடலாம். கடைசியாகச் சொன்னதே நல்லது. குழி கடைந்தால் மரத்தின் இழைகள் அறுபடும், அதுவும் வளைவிசை அதிகம் வரும் டிரக் பகுதியிலேயே. புடைப்பு இருந்தால் இழை அறுபடாது, மேல்பக்கத்தில் முன்காலுக்கு ஒரு பற்றுக்கோடும் இலவசமாகக் கிடைக்கும்.

டிரக்கில் சக்கர அச்சைத் தாங்கும் குறுக்குப் பகுதியான ஹேங்கரின் அகலமும் டெக்கின் அகலமும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டியவை. முன்பு 180 மில்லிமீட்டர் ஹேங்கர்தான் வழக்கம், டெக் 25 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். இப்போது 130, 110 என்று குறுகிக்கொண்டே வருகிறது, பின்னால் இன்னும் குறுகியதைப் போடுபவர்களும் உண்டு. ஒரு சக்கரம் மட்டும் சாலையின் மேட்டில் ஏறினால் அது அச்சைப் பக்கவாட்டில் முறுக்குகிறது, நடுவிலிருந்து சக்கரம் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு முறுக்கு. குறுகிய ஹேங்கரில் இந்தத் தொல்லை குறையும், காலுக்கு நேர் கீழே சக்கரம் இருப்பதால் சாய்த்த உடனே பதிலும் வரும். ஆனால் குறுகிய டிரக்கின் மேல் பழைய 25 சென்டிமீட்டர் டெக்கை வைத்தால் காலின் விளிம்பு சக்கரத்துக்கு வெளியே போய்விடும், கொஞ்சம் அழுத்தினாலும் முழுச் சாய்வுக்குப் போய் மறுபக்கச் சக்கரம் தூக்கும். 110-க்கு 22 முதல் 23 சென்டிமீட்டர் வரை அகலம் சரியாக இருக்கும் என்பது என் கணிப்பு. பெரிய பாதம் உள்ளவர் அகலத்தைக் கைவிட மனமில்லாமல் இருப்பார், அவர் ஹேங்கரை 130-லேயே நிறுத்திக்கொள்வது மேல்.

வார்ப்பு டிரக்கா, கடைந்தெடுத்த டிரக்கா என்ற கேள்விக்கு முன்னால் சொன்ன கணக்கே பதில் தருகிறது. 2.2 மீட்டர் ஆரம் என்றது 10 டிகிரி சாய்வுக்கு. மணிக்கு 60 கிலோமீட்டரில் 40 மீட்டர் ஆர வளைவு ஒன்றை எடுக்க எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று அதே சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் அரை டிகிரிதான் வருகிறது! சக்கரம் கொஞ்சம் வழுக்கிக்கொண்டே போகும் என்பதால் நிஜத்தில் இதைவிடக் கூடுதலாகச் சாய்ப்போம், ஆனாலும் பந்தய வேகத்தில் நடக்கிற திருப்பம் எல்லாம் ஒன்றிரண்டு டிகிரிக்குள்தான் அடங்குகிறது. அப்படியென்றால் ஹேங்கரின் முனை உட்காரும் குழியான பிவட் கப்பில் இருக்கும் சின்ன ஆட்டம், வார்ப்பில் சரியாக நடுவில் அமையாத அச்சு, எல்லாம் நீங்கள் தரும் கட்டளைக்குச் சமமான அளவில் குறுக்கே வருகின்றன. கடைந்தெடுத்த டிரக் விலை அதிகம், அதில் பாதி அழகுக்கு என்றுகூடச் சொல்லலாம், ஆனால் இந்த ஆட்டமின்மை நிஜமான லாபம். பணம் ஒரு இடத்தில் மட்டும் செலவழிக்க முடியும் என்றால் டெக்கில் கார்பன் போடுவதை விட்டுவிட்டு இங்கே போடுங்கள். மணிக்கு 60-ஐத் தாண்டாத ஆளுக்கு நல்ல வார்ப்பு டிரக் தாராளமாகப் போதும்.

சரி, இப்போதுதான் டெக்.

அரை டிகிரி கணக்கை மனதில் வைத்துக்கொண்டே பார்த்தால், டெக்கிடம் நமக்கு வேண்டியது முறுக்கலுக்கு அசையாத விறைப்பு. எடை குறைவது நல்லதுதான், ஆனால் இறக்கத்தில் ஓடும்போது ஓட்டுநரின் எடைக்கு முன்னால் அரைக் கிலோ ஒன்றுமே இல்லை. முன்கால் ஒரு பக்கம் அழுத்த, டெக் அரை டிகிரி முறுக்கிக்கொண்டால், முன் டிரக்குக்கு ஒரு கட்டளையும் பின் டிரக்குக்கு வேறு கட்டளையும் போகிறது. கடைகளில் டெக்கின் விறைப்பைப் பார்க்க நடுவில் ஏறிக் குதிப்பார்கள். அது பலகை எவ்வளவு வளைகிறது என்பதற்கான சோதனை, முறுக்கலைப் பற்றி எதுவும் சொல்லாது. ஒரு முனையை மேஜையில் கிளாம்ப் போட்டு, மறு முனையைக் கையால் திருகிப் பாருங்கள்.

மேப்பிள் மட்டும் ஒட்டிய டெக், மெல்லிய மரத் தாள் ஒன்று 1.6 மில்லிமீட்டர் என்றால் 7 தாள் சேர்த்து 11 மில்லிமீட்டர் வரும். பந்தயத்துக்கு 8 அல்லது 9 தாள். மரத்தின் பெரிய குணம், சாலையின் அதிர்வை அது விழுங்கிவிடும், கரடான தாரில் பாதம் மரத்துப்போகாது. துளை போடுவது, விளிம்பை அரத்தால் தேய்ப்பது, தப்பாகப் போட்ட துளையை அடைத்துப் புதிதாகப் போடுவது எல்லாம் வீட்டிலேயே முடியும். குறை, ஈரம் உள்ளே போனால் தாள் பிரியும், நாளாக நாளாக விறைப்பும் தளரும். விறைப்பு போதவில்லை என்றால் தாளைக் கூட்டுவது பலன் தரும், ஏனென்றால் வளைவு விறைப்பு தடிமனின் மூன்றாம் மடிக்கு ஏறும். 10 மில்லிமீட்டரை 12 ஆக்கினால் விறைப்பு 70 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது.

இதே மரத்தின் மேலும் கீழும் கண்ணாடி இழைத் துணியை எபாக்சிப் பிசினில் ஒட்டினால் கதையே வேறு. இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இழைகள் எல்லாம் நீளவாக்கில் ஓடும் துணியைப் போட்டால் வளைவுக்கு விறைப்பு கூடும், முறுக்கலுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. முறுக்கலைத் தடுப்பது 45 டிகிரி குறுக்காக இரண்டு திசையிலும் ஓடும் இழைகள். நீளவாக்கு இழையும் இந்தக் குறுக்கு இழைகளும் சேர்ந்த மூன்று திசைத் துணி கிடைத்தால் அதுவே சரி. கார்பன் என்று கேட்டதும் வாங்கிவிடுகிற பலர் இந்தத் திசையைக் கவனிப்பதே இல்லை. தப்பான திசையில் போட்ட கார்பனைவிடச் சரியான திசையில் போட்ட கண்ணாடி இழை பந்தயத்தில் நன்றாக நடந்துகொள்ளும்.

நுரை நடுவே வைத்து இரண்டு பக்கமும் கார்பன் தோல் போர்த்திய டெக்தான் எல்லாவற்றிலும் விறைப்பானது, எடையும் குறைவு. ஆனால் டிரக் போல்ட்டை இறுக்கினால் நுரை நசுங்கும், ஆகவே போல்ட் வரும் இடங்களில் கடினமரத் துண்டோ அதுபோன்ற கெட்டியான பொருளோ முன்கூட்டியே பதிக்க வேண்டும். பதித்த இடம் பதித்ததுதான், வீல்பேஸை மாற்ற நினைத்தால் புது டெக். தடுப்பிலோ கல்லிலோ மூக்கு இடித்தால் மரம் நசுங்குவதோடு நிற்கும், கார்பன் தோல் கீறி உள்ளே எவ்வளவு பிரிந்திருக்கிறது என்பது வெளியே தெரியாது. அதிர்வையும் அப்படியே காலுக்கு அனுப்பும். தன் வீல்பேஸும் கால் வைக்கும் இடமும் மில்லிமீட்டர் வரை தெரிந்தவருக்கு இது. மற்றவர்களுக்கு மேப்பிளும் மூன்று திசைக் கண்ணாடி இழையும்.

டெக்கை மோல்டில் அழுத்துவதற்குப் பெரிய ஹைட்ராலிக் பிரஸ் வேண்டுமே என்று பயப்பட வேண்டாம், உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வெற்றிடப் பை போதும். 90 சென்டிமீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் அகலமுள்ள டெக்கின் மேல் காற்றழுத்தமே 2 டன்னுக்கு மேல் வருகிறது. மெல்லிய தாள்களை மிதமான குழிவில் படியவைக்க அது தாராளம். ஆழமான குழிவோ கூர்மையான இறக்கமோ வைத்தால்தான் தாள் படியாமல் மடிந்து, இடையில் காற்று நிற்கும்.

அந்தக் குழிவு, அதாவது கான்கேவ், ஆளாளுக்கு வேறுபடும். நடுவில் மேடு வைத்த டபிள்யூ வடிவம் சறுக்கும்போது குதிகாலுக்கு நல்ல பிடி தரும், ஆனால் நீண்ட டக்கில் பாதத்தைக் குத்தும். நான் சாதாரண வட்டக் குழிவைத்தான் விரும்புகிறேன். முன் டிரக்குக்குப் பின்னால் சின்னப் படி வைத்து முன்காலை அதில் முட்டுக் கொடுக்கும் வடிவமைப்பு கையில் எடுத்துப் பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் முதல் டெக்கில் அதை வைக்காதீர்கள். எங்கே கால் வைப்பது என்று நீங்களே இன்னும் கண்டுபிடிக்கவில்லை, டெக் அதை உங்களுக்காக முடிவு செய்துவிடும். தட்டையான இடமாக விட்டு, போல்ட்டில் மாட்டும் கால் முட்டான ஃபுட்ஸ்டாப்பை நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். இடம் தெரிந்த பிறகு அடுத்த மோல்டில் படியைச் செதுக்கிக்கொள்ளலாம். துளைகளும் அதேபோல: முன்னும் பின்னும் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில் மூன்று மூன்று வரிசை போட்டால் 6 சென்டிமீட்டர் வரை வீல்பேஸை மாற்றிப் பார்க்க முடியும்.

டிரக்கின் சாய்வைத் தாங்கும் ரப்பர் போன்ற வளையமான புஷிங்கும் சக்கரமும் டெக் வடிவமைப்பில் சேராது, ஆனாலும் இவை தப்பாக இருந்தால் நல்ல டெக்கைக் கெட்ட டெக் என்று முடிவு கட்டிவிடுவோம். முன்னால் கொஞ்சம் மென்மையான புஷிங், பின்னால் கடினமானது, எடை அதிகமுள்ளவர் இரண்டிலும் ஒரு படி கடினமாகப் போகலாம். டிரக் ஆடுகிறது என்று நட்டை முறுக்கி இறுக்கிக்கொண்டே போவதைவிடக் கடினமான புஷிங்கைச் சாதாரண இறுக்கத்தில் வைப்பது நல்லது, நசுங்கிய புஷிங் நடுநிலைக்குத் திரும்பும்போது ஒழுங்காகத் திரும்பாது. சக்கரம் 70 மில்லிமீட்டர் விட்டத்தில், கடினத்தன்மை 78ஏ முதல் 80ஏ வரை, கூர்மையான விளிம்போடு. வெவ்வேறு கோணங்களை ஒப்பிடும் நாட்களில் ஒரே சக்கரத்தை வைத்திருங்கள். தேய்ந்த சக்கரம் விட்டுக்கொடுப்பதும் கோணம் விட்டுக்கொடுப்பதும் காலுக்கு ஒரே மாதிரிதான் தெரியும்.

அப்புறம், வெற்றிடப் பையிலிருந்து டெக்கை எடுத்த அன்றே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும். எபாக்சி முழு வலிமைக்கு வர அதன் தகவல்தாளில் போட்டிருக்கும் நாட்களை விட்டுவிடுங்கள். ஆறாத பிசினில் முறுக்கல் சோதனை செய்து பார்த்தால் டெக் தளர்வாகத்தான் தெரியும், தேவையே இல்லாமல் அடுத்ததில் ஒரு தாளைக் கூட்டிவிடுவீர்கள்.